மூன்றில் ஒரு பங்கு: தூத்துக்குடிக் கரையில் பொருளாதாரக் கொள்கையும் நீதியும்

மன்னார் வளைகுடாவில் பிரிட்டிஷார் நடத்திய முத்துக்குளிப்புகளில், அதாவது சலாபங்களில், ஒரு வழக்கம் இருந்தது. சிப்பி விளையும் கடலடித் திட்டான பாரிலிருந்து திரும்பிய படகின் குளியாட்கள், எடுத்துவந்த சிப்பியை மூன்று சமக் குவியலாகப் பிரிக்க வேண்டும். எது தங்களுக்கு வரும் என்று பிரிக்கும்போது அவர்களுக்குத் தெரியாது. அரசு அதிகாரிதான் கைகாட்டுவார். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று அவர்களுக்கு. கூட்டிக் குறைத்து வைத்தால் குறைந்தது தங்கள் தலையிலேயே விடியலாம் என்பதால் பிரிவினை நேர்மையாக நடந்தது. அரசின் பங்கு, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று உடனுக்குடன் ஏலம் போனது. குளியாட்களின் பங்கும் கரையிலேயே கைமாறியது.

பிரிப்பவனுக்குத் தன் பங்கு எது என்று தெரியக் கூடாது என்ற இந்த எளிய யோசனையைத்தான் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் ஒரு பெரிய நூலாக விரித்தார். நாட்டின் விதிகளை வகுப்பவர்கள், அந்த நாட்டில் தாங்கள் முதலாளியாகப் பிறப்போமா கூலியாளாகப் பிறப்போமா என்று அறியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று வகுத்தால், கடைசியில் இருப்பவனின் நிலையை மறக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். சலாபத்திலும் அப்படி ஒரு திரை இருந்தது. ஆனால் அது குவியல்களின்மேல்தான் விழுந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தின்மேல் விழவில்லை. கடலடி தன் உடைமை என்று அரசு சொன்னது, விகிதத்தையும் அதுவே வைத்தது. சுறா நடமாடும் தண்ணீரில் மூச்சடக்கி மூழ்கியவனை யாரும் கேட்கவில்லை. (சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன மந்திரவாதிகளான கடல்கட்டிகளை மட்டும் அரசு மறக்காமல் அமர்த்திக்கொண்டது. தொழிலாளர் பாதுகாப்புக்கு அரசு செய்த செலவுகளில் இதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.)

அரசின் பொருளாதாரக் கொள்கையை நீதியின் அளவுகோலால் அளக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை குவியல் சமமா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன. விகிதத்தை யார் வைத்தார்கள், யாரைக் கேட்டு வைத்தார்கள் என்பது அதற்கு முந்தைய கேள்வி. இந்தக் கட்டுரையின் அக்கறை அந்தக் கேள்விதான். அதற்குத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது. கொற்கைப் பாண்டியன் முதல் இன்றைய சிப்காட் வரை எந்த அரசும் இந்தக் கரையை வருமானக் கண்ணோடு பார்க்காமல் விட்டதில்லை.

பொருளியலாளர்கள் வழக்கமாகக் கையில் எடுக்கும் அளவுகோல் வேறு. 1939இல் நிக்கோலஸ் கால்டர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு கொள்கையால் சிலர் லாபமடைகிறார்கள், சிலர் நட்டப்படுகிறார்கள். லாபமடைந்தவர்கள் நட்டப்பட்டவர்களுக்கு ஈடுகட்டிய பிறகும் கையில் மிச்சம் இருக்கும் என்றால் அந்தக் கொள்கை பொருளியல் நோக்கில் சரியானது. அந்த ஈட்டை உண்மையில் கொடுப்பதா என்பது அரசியல் முடிவு. அதைப் பற்றிப் பொருளியலாளன் பேச வேண்டியதில்லை. ஜான் ஹிக்ஸும் அதே ஆண்டில் இதே வழியில் எழுதினார். உலகெங்கும் அணை, துறைமுகம், சுரங்கம் என்று எதற்கும் போடப்படும் வரவு செலவுக் கணக்குகளுக்குப் பின்னால் நிற்பது இந்த வாதம்தான். கொடுக்க முடியும் என்பதே போதும், கொடுத்தாக வேண்டும் என்பதில்லை! நம்மிடம் கடன் வாங்கியவர் ஒருவர் இப்படிச் சொன்னால் என்ன செய்வோம் என்று நினைத்துப் பார்க்கலாம். பிரிட்டிஷ் சலாப அதிகாரியை நான் கொண்டாட வரவில்லை. ஆனால் அவர் கொடுத்த மூன்றில் ஒரு பங்கு கற்பனைப் பங்கு அல்ல. அது கையில் கிடைத்தது.

நமக்குள்ளேயே பழைய அளவுகோல் ஒன்று உண்டு. குறளில் இறைமாட்சி அதிகாரம் அரசனின் வேலையை நான்காகச் சொல்கிறது: பொருள் வரும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, அதைப் பகுத்துச் செலவிடுவது. 2021ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் உரையிலேயே அந்தக் குறள் வாசிக்கப்பட்டது. பட்ஜெட் உரைகளில் குறள் ஒலிப்பது நமக்குப் பெருமைதான், ஆனால் நான்காவது வேலையின் மதிப்பெண்ணை யாரும் வாசிப்பதில்லை. அரசியல் சாசனமும் அந்த நான்காவதைத்தான் அழுத்துகிறது. 38ஆவது பிரிவு வருமான ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சொல்கிறது. 39ஆவது பிரிவு, சமுதாயத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்கு உதவும்படி பகிரப்பட வேண்டும், செல்வம் சிலரிடம் குவிந்து பொதுவுக்குக் கேடாகக் கூடாது என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எல்லாத் தனியார் சொத்தும் இந்த வளங்களுக்குள் வந்துவிடாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு தந்தது. வளைகுடாவின் கடலடியும் காற்றும் நிலத்தடி நீரும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல என்பதால் நம் விவாதம் அதனால் குறையவில்லை.

முத்தின் வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. போர்த்துகீசியர், 1658இல் அவர்களை விரட்டிய டச்சுக்காரர், 1825இல் ஊரைப் பெற்ற பிரிட்டிஷார் எல்லோருமே சலாபத்தைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். சங்குக் குளிப்பும் அரசின் ஏகபோகம்தான். குளியாளுக்கு நிர்ணயித்த விலை, வங்காள வளையல் வியாபாரிக்கு ஏல விலை. இரண்டுக்கும் நடுவிலிருந்த வித்தியாசம் கஜானாவுக்கு. ஆனால் ஏகபோகம் ஒரு காரியத்தைச் செய்தது. சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று பார்களைச் சோதித்து, முதிராத ஆண்டுகளில் சலாபத்தை மூடியே வைத்தது. எதிர்க்கரையில் இலங்கை அரசு 1906இல் தன் பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளிலேயே பார்கள் வெறுமையாகின, கம்பெனியும் கலைந்தது. இயற்கையின் ஏற்ற இறக்கமும் இதில் உண்டு என்பதால் பழி முழுவதையும் கம்பெனிமேல் போட முடியாது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் பங்கு உண்டா என்ற கேள்விக்கு, பங்கு வைக்க எதுவும் மிஞ்சாதபோது பதில் தேவைப்படுவதில்லை.

நியாயமான விதி, நியாயமற்ற நடுவர் என்ற சிக்கலுக்கு வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி பாடநூல் உதாரணம். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடி–கொழும்புத் தடத்தைக் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ஆளைச் சும்மாவே ஏற்றி, குடையும் கொடுக்க முன்வந்ததாகச் சொல்வார்கள். தத்துவவாதி ராபர்ட் நோசிக் போன்றவர்களின் பார்வையில் இதில் தவறேதும் இல்லை. விருப்பப்பட்டு நடக்கும் பரிமாற்றங்களின் விளைவு எதுவானாலும் அது நியாயமே என்பது 1974இல் அவர் எழுதிய நூலின் சாரம். சந்தையில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை அல்லவா?

கட்டாயப்படுத்தல் சந்தைக்கு வெளியே நடந்தது. 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடியின் பஞ்சாலையான கோரல் மில்லின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் அவர் தோழர் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். மில் நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் இணங்கியது. அடுத்த சில நாட்களில், மார்ச் 12இல், இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலையில் வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். தலைவன் சிறையில் இருக்க, கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. அரசு ஒரு போட்டியாளனைச் சிறையில் வைத்துக்கொண்டு இன்னொருவனுக்குத் தடையற்ற வாணிபத்தின் பயனைக் கொடுத்தது. சந்தையின் விளைவு நியாயம் என்று சொல்வதற்கு முன்னால் நடுவரின் சட்டைப்பையைப் பார்க்க வேண்டும் என்பதை 25 ரூபாய்ப் பங்கு வாங்கிய வியாபாரிகள் நோசிக் பிறப்பதற்கு முன்பே கற்றுக்கொண்டார்கள்.

சுதந்திர இந்தியாவின் உதாரணங்களில் நாடகம் குறைவு. கோவில்பட்டித் தீப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதமும் மற்றவற்றுக்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி இருந்தது. 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம் ஆனது. ஒரே பொருளுக்கு ஒரே வரி என்பது வரி நிபுணர்களுக்கு இனிக்கும் கொள்கை, நிர்வாகமும் எளிது. பகுதி இயந்திரம் போட்டுவிட்ட கோவில்பட்டி, சாத்தூர் வட்டார உற்பத்தியாளர்களில் பலருக்கு இது நிம்மதி. ஆனால் ஒருவரின் சுமை 18இலிருந்து இறங்கியபோது இன்னொருவரின் சுமை 5இலிருந்து ஏறியது. பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும் பிழைத்த பெண்களுக்கு முழு இயந்திர ஆலையோடு போட்டியிட இருந்த கொஞ்ச இடைவெளியும் போயிற்று. சமமற்றவர்களைச் சமமாக நடத்துவது அநீதி என்ற பழைய நெறி இங்கே சரியாகப் பொருந்துகிறது. கைத்தொழில் சலுகைக்குள் குழந்தைத் தொழிலாளர் முறை பல காலம் ஒளிந்திருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

உப்பளமும் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்து இன்னொரு ஒப்பீட்டைத் தருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு விதிக்கும் தடை இது. மீனவக் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு தரும் தொகை இப்போது 8,000 ரூபாய். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில், அக்டோபர் தொடங்கி உப்பு விளையாத மாதங்களில், 5,000 ரூபாய் உதவித்தொகை 2022இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மீனவரின் வேலையை நிறுத்துவது அரசின் ஆணை; எனவே அவருக்குச் சேர வேண்டியது இழந்த வருமானத்தின் அளவுக்கேற்ற ஈடு. உப்பளத்தின் வேலையை நிறுத்துவது மழை. அங்கே அரசு செய்வது பொதுப் பணத்தால் தாங்கிப் பிடிப்பது. இரண்டு மாதத்துக்கு 8,000 என்றால் நாளொன்றுக்கு 131 ரூபாய். இதை இழப்பீடு என்று எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் எழுத முடியாது. மறுபக்கம், உப்புச் சேற்றில் நின்று காலும் கண்ணும் கெட்டுப்போகிற தொழிலாளிக்கு மழைமாத உதவி மட்டும் போதாது என்பதும் தெளிவு. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதி அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் இன்னும் அந்த நாவலின் பக்கங்கள் உயிரோடு நடமாடுகின்றன.

இனி ஸ்டெர்லைட். தூத்துக்குடியில் நீதியையும் பொருளாதாரத்தையும் பற்றிப் பேசிவிட்டு இதைக் கடந்துபோக யாராலும் முடியாது.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் தொடங்க இருந்த தாமிர உருக்காலை, அங்குள்ள மக்களின் எதிர்ப்பால் 1993இல் நின்றது. அடுத்த ஆண்டே தூத்துக்குடியில் அடிக்கல் விழுந்தது. வளைகுடாத் தீவுகளிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 1994இல் விதித்த நிபந்தனை. ஆலை அமைந்த இடம் அந்தத் தூரத்துக்குள். மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி 1995 ஜனவரியில் கிடைத்தது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதைக் கட்டாயமாக்கிய விதி 1997 ஏப்ரலில்தான் வந்தது. சட்டப்படி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, கேட்கவில்லை. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டபோது இந்தக் குறையும் கணக்கில் வந்தது. 2013 ஏப்ரல் 2இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அன்றைய சட்டம் கேட்கச் சொல்லவில்லை என்றது. தாமிரத்தின் தேவை, 1,300 பேரின் நேரடி வேலை, அரசுக்கும் துறைமுகத்துக்கும் வரும் வருமானம் எல்லாவற்றையும் எடைபோட்டது. கூடவே, 1997 முதல் 2012 வரை ஆலை சுற்றுச்சூழலுக்குச் செய்த சேதத்துக்கும் அனுமதியின்றி ஓடிய காலத்துக்குமாக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2010–11ஆம் ஆண்டில் வட்டி, தேய்மானம், வரி கழிப்பதற்கு முன் கம்பெனியின் லாபம் 1,043 கோடி என்பதை வைத்து, இதற்குக் குறைந்தால் உறைக்காது என்று சொல்லித் தொகையை நிர்ணயித்தது.

இந்தத் தொகையை முத்துச் சலாபத்தின் பங்கோடு வைத்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டுச் சேதத்துக்கு ஓராண்டு லாபத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஆலையை ஒட்டிய மீளவிட்டான் கிராமத்தாரின் கையிலோ குமரெட்டியாபுரத்தாரின் கையிலோ போகவில்லை. மாவட்ட ஆட்சியரிடம் வைப்பாக வைத்து, வட்டியைக் கொண்டு வட்டாரத்தின் நீரையும் மண்ணையும் மேம்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கம் நல்லது. ஆனால் கால்டரின் கற்பனை ஈட்டுக்கும் குளியாளின் கையில் விழுந்த பங்குக்கும் நடுவில் இது எந்தப் பக்கம் நெருக்கமாக நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2018இல் ஆலையை இரட்டிப்பாக்கும் வேலை தொடங்கியபோது மறுபடியும் அதே கதை. தொழிற்பேட்டைக்குள் இருப்பதால் மக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்ற விளக்கத்தின் நிழலில் விரிவாக்கம் நடந்தது. குமரெட்டியாபுரத்தில் உட்கார்ந்தவர்களின் போராட்டம் நூறாவது நாளை எட்டிய மே 22இல் ஊர்வலம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனது. போலீஸ் அன்றும் மறுநாளும் சுட்டது, 13 பேர் இறந்தார்கள். மே 23இல், மக்களைக் கேட்காமல் விரிவாக்கம் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. மே 28இல் அரசு ஆலையை மூடியது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுட்டது நியாயமில்லை என்று அது சொன்னது. உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் மூடலை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29இல் ஆலையின் உரிமையாளரான வேதாந்தாவின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆலையை மூடுவது முதல் தெரிவாக இருக்கக் கூடாது, ஆனால் விதிமீறல் திரும்பத் திரும்ப நடந்தால் வேறு வழியில்லை என்பது கடைசித் தீர்ப்பின் நிலை.

மூடல் நியாயம் என்பதே என் முடிவு. அதைச் சொல்ல முழுமையான நீதிக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. எது பரிபூரண நீதி என்று தெரியாவிட்டாலும் கண்முன் இருக்கும் அநீதியை அடையாளம் காண முடியும் என்று அமர்த்தியா சென் 2009இல் வாதிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் மூடலோடு நீதி முடிந்துவிட்டது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. இந்தியாவின் தாமிர உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தந்துகொண்டிருந்த ஆலை நின்றதும் நாடு சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்வதிலிருந்து இறக்குமதி செய்வதற்கு மாறியது. நிதி ஆயோக்குக்காக நடந்த ஓர் ஆய்வு, மூடலின் மொத்தப் பொருளாதார இழப்பை ஏறத்தாழ 14,700 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. மொத்தம் என்ற சொல்லுக்குள் கம்பெனியின் லாபமும் ஒப்பந்தக் கூலியின் சம்பளமும் ஒரே எடையில் கலந்துவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தொகையின் சிறிய பகுதி: லாரி ஓட்டியவர்கள், ஆலைக்குள் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்கள், கடனில் வண்டி வாங்கியவர்கள். ஆலையால் நட்டப்பட்டவர்களுக்கு எப்படி எவரும் கணக்கு வைக்கவில்லையோ, மூடலால் நட்டப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். ஒரு தொழிலை அரசே அழைத்துவந்து அரசே மூடும்போது, இடையில் அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்ட கூலியாளுக்கு அது பொறுப்பேற்க வேண்டும். ரால்ஸின் கடைசி மனிதன் ஆலையின் மதிலுக்கு இரு பக்கமும் இருக்கிறான்.

இப்போது ஊரைச் சுற்றிப் புதிய அடிக்கற்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. சில்லாநத்தம் சிப்காட்டில் 400 ஏக்கரில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4இல் திறக்கப்பட்டது. குலசேகரப்பட்டினத்தில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம். வ.உ.சி. துறைமுகத்தில் வெளித்துறைமுகச் சரக்குப்பெட்டக முனையம். இவற்றைத் தாமிர ஆலையோடு ஒரே தட்டில் வைப்பது தவறு. மின்கார் ஆலை கந்தகப் புகை விடாது. ஆனால் நிலம், நீர், கடற்கரை, வரிச்சலுகை என்று பொதுச்சொத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒன்று போகிறது. ஏவுதளத்தில் ராக்கெட் புறப்படும் நாட்களில் அந்தக் கடலில் வல்லம் போகாது. அந்த நாட்களின் கூலி யார் கணக்கில்? முதலீட்டுத் தொகையையும் வேலை எண்ணிக்கையையும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் மேடையிலேயே அறிவிக்கிறார்கள். யார் எதை இழப்பார்கள், அதற்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ற பட்டியலும் அதே மேடையில் வரட்டும். வராத திட்டத்துக்குச் சட்டமன்றம் சலுகை அளிக்கக் கூடாது.

அதற்கு முன்னால் ஒரு சிறிய வேலை பாக்கி இருக்கிறது. 2013இல் விதித்த 100 கோடியின் வட்டி இதுவரை எவ்வளவு, எந்தக் கண்மாய்க்கும் எந்தக் கிணற்றுக்கும் எவ்வளவு செலவானது என்ற கணக்கை, ஆலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சியின் கிராம சபையிலும் மாவட்ட நிர்வாகம் வாசிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அடுத்த கிராம சபையில் எழுந்து அதைக் கேட்க வேண்டும்.